மீட்டரில் பதிமூன்று

விடியற்காலை மூன்று பத்து. மந்தைவெளியிலிருந்து கடல் பக்கம் போகும் ஒரு சந்து. பால் வண்டி வர இன்னும் நேரம் இருக்கிறது. தெருநாய்கள்கூட ஏதோ சங்கக் கூட்டத்துக்குப் போய்விட்டன போல... ஒன்றையும் காணோம். ஒரே ஒரு ஸ்கூட்டர். ஓட்டியவர் பஞ்சாட்சரம், என் நண்பன் அறிவின் அக்கா புருஷன்.

இன்னும் கொஞ்சம் நெருங்கி உட்காருங்கள். மொட்டை மாடியில் இடம் நிறைய இருக்கிறது, கரண்ட் போனதால் வெளிச்சம்தான் இல்லை. நம் அபார்ட்மென்ட் செயலாளர் இன்வெர்ட்டருக்கு மாலை போட்டுத் திறப்பு விழா நடத்தினாரே தவிர, ஒருநாளும் அதற்குத் தண்ணீர் ஊற்றவில்லை.

பஞ்சாட்சரம் பேட்டரிக் கடைக்காரர். அப்படிச் சொன்னால் கோபித்துக்கொள்வார். போர்டில் 'பேட்டரி டாக்டர்' என்றுதான் இருக்கும். வருகிறவர்களுக்கெல்லாம் இலவசமாக உபதேசம்: "ஆசிட் பேட்டரிய பாதிக்குக் கீழ எறங்க விடாதீங்க. படகுக்கு லித்தியம்தான் சரி, எடை கம்மி, கடைசி வரைக்கும் சீரா குடுக்கும். சார்ஜர்ல இருந்து எடுத்ததும் மீட்டர் வைக்காதீங்க. அப்ப அது பொய் சொல்லும். ஒரு மணி நேரம் ஆறப்போட்டு வைங்க... உண்மை தெரியும்."

மார்கழியில் நொச்சிக்குப்பத்து ஆண்டனி வந்தார். ஐந்தரை அடி ஆள். கையில் புது ஃபிஷ் ஃபைண்டர். மீனைக் காட்டும், ஆழத்தைக் காட்டும், கரைக்குத் திரும்பும் வழியையும் காட்டும் சின்னத் திரை. தண்ணீரில் முக்கி வைக்க ஒயர் நுனியில் ஒரு சென்சார். ஆண்டனி டாக்டருக்கே பாடம் எடுத்தார்.

"நீந்திக்கினு போற மீனு வில்லு மாதிரி வளைஞ்சி வரும் நைனா. அசையாம நிக்கிதுன்னு வை... நேர் கோடு. அது பாட்டுக்கு நீண்டுக்கினே போவும். இதுக்கு லித்தியம் பேட்டரி ஒண்ணு குடு."

லித்தியம் வர இரண்டு நாள் ஆகும். 'ஸ்டாக் இல்லை' என்று சொல்ல டாக்டருக்கு வாய் வரவில்லை. யாரோ கழித்துப் போட்ட பழைய யு.பி.எஸ். பேட்டரி ஒன்று மூலையில் கிடந்தது. துடைத்தார். சார்ஜரில் போட்டார். எடுத்த கையோடு மீட்டரை வைத்தார்.

"பாத்தியா? பதிமூணு வோல்ட்டு! ரெண்டு நாளைக்கு இத வச்சு ஓட்டு."

ஒரு மணி நேரம் ஆறியிருந்தால் என்ன காட்டியிருக்கும் என்று அவருக்குத் தெரியும். ஆண்டனிக்குத் தெரியாது. டாக்டர் சொன்னால் சரி.

அன்று கூடப் போக வேண்டிய தம்பிக்குக் காய்ச்சல். ஆண்டனி தனியாகப் போனார். கடலில் நல்ல பனி. மூன்றாம் நாள், கோவளம் பக்கம் படகு மட்டும் ஒதுங்கியது. உள்ளே செத்த திரையும் அதன் ஒயர்களும். பேட்டரி இல்லை. ஆண்டனி இல்லை.

மாதம் ஒன்று கழிந்து அவர் மனைவி லூர்துமேரி அந்தக் கருவியை ஒயர் கூடையில் வைத்துக் கடைக்குக் கொண்டுவந்தாள்.

"இது நின்னு போனாத்தான் சார் அவருக்கு வழி தெரியாம பூடும். அந்த பேட்டரி... நல்லதுதானே?"

"நல்லதுதாம்மா. மேல ஈரம் கீரம் பட்டிருக்கும்."

அவள் தன் கைகளையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

"ஈர வலைய அது மேல வச்சது நான்தான் சார்."

அந்த நொடியில் சொல்லியிருக்கலாம். பஞ்சாட்சரம் மீட்டரைத் துடைத்துக்கொண்டிருந்தார். ஏற்கெனவே துடைத்த மீட்டர்.

கருவியைப் பார்க்கவே மனசு தாங்கவில்லை என்று அங்கேயே வைத்துவிட்டுப் போனாள். அவர் திரையை அலமாரியில் வைத்தார். சென்சாரைக் கூரைக் கொக்கியில் மாட்டித் தொங்கவிட்டார். சிவப்பு ஒயரும் கறுப்பு ஒயரும் எதிலும் சேராமல் கிடந்தன.

இரண்டு மாதம் போயிற்று. அப்புறம்தான் அந்த விடியற்காலை. எதிர் ஏ.டி.எம். வாட்ச்மேன் கபாலி போன் செய்தார்.

"சார், உங்க கடைக்குள்ள இன்னாமோ கூவிக்கினு கீது."

ஷட்டரை முழங்கால் உயரத்துக்குத் தூக்கினார். முதலில் வந்தது நாற்றம். உப்பு, மண்ணெண்ணெய், ஊறிய நைலான் வலை... குனிந்து உள்ளே போனார். பீப். நிசப்தம். பீப்.

திரை நீலமாக எரிந்தது. ஒயர்கள் எதிலும் சேராமல் அப்படியே கிடந்தன. தண்ணீரில் முக்கினால்தான் வேலை செய்யும் சென்சார், வெறும் காற்றில் தொங்கியபடி... சொட்டிக்கொண்டிருந்தது.

திரையில் ஆழம் எட்டு அடி. கொக்கியிலிருந்து கடைத் தரைவரை எட்டு அடி.

இரண்டரை அடியில் ஒரு கோடு. நேர் கோடு. அசையாமல் நிற்பதற்கு வரும் கோடு. நீண்டுகொண்டே போனது.

எட்டில் இரண்டரை போனால் எவ்வளவு என்று பஞ்சாட்சரம் கணக்குப் போட்டார். ஐந்தரை அடி. சென்சாருக்கு நேர் கீழே பார்க்கவில்லை. விடியும்வரை சுவரைப் பார்த்தபடியே நின்றார்.

அதிலிருந்து தினமும் மூன்று மணிக்குக் கபாலியின் போன் வருகிறது. தினமும் அதே கோடு.

"அந்தம்மா கிட்ட உண்மைய சொல்லிட வேண்டியதுதானே அங்கிள்?" மாடி இருட்டிலிருந்து வர்ஷினி என்னைக் கேட்கிறாள்.

அறிவும் அதையேதான் கேட்டான். பஞ்சாட்சரம் மூன்று முறை குப்பம்வரை போனாராம். லூர்துமேரி இப்போது வலையைத் தொடுவதே இல்லை. கையை முந்தானைக்குள் சுருட்டி வைத்துக்கொண்டு வாசலில் உட்கார்ந்திருக்கிறாள். அதைப் பார்த்துவிட்டு மூன்று முறையும் திரும்பிவிட்டார். "நாளைக்குச் சொல்லிடறேன்டா" என்றாராம்.

அவர் அப்படிச் சொல்லி மூன்று வாரம் ஆகிறது. இன்று சாயங்காலம் அறிவு போன் செய்தான். நேற்று ராத்திரி கோடு நேராக இல்லையாம்...

வளைய ஆரம்பித்திருக்கிறதாம்.