நார்வே வேனுக்கு எந்த ஹீட்டர்

லைங் தாயா புறநகருக்குப் போகும் பஸ்ஸில் எல்லாரும் வியர்வையில் நனைந்திருந்தோம். சுற்றிலும் பர்மியப் பேச்சு; முன்சீட்டு அம்மாள் மட்டும் பக்கத்திலிருந்த கணவரிடம் தமிழில் கேட்டார்: "பிள்ளைக்கு கேஸ் ஹீட்டரா, டீசல் ஹீட்டரா? முடிவாச் சொல்லுங்க."

மகன் நார்வேயில் ஒரு வேனிலேயே குடியிருக்கிறான் என்பது போகப் போகப் புரிந்தது.

"டீசல்தான். அந்தக் குளிர்ல கேஸ் சரியா வராதாம்."

"உள்ள படுத்துத் தூங்குறான். புகை?"

"குழாய் வண்டிக்கு வெளிய போவுது."

"கீழ்வீட்டு கோ சோவும் ஜன்னல் திறந்துதான் இருக்குன்னாரு. கரண்டு இல்லாத அன்னிக்கு ஜெனரேட்டரை உள்ள வச்சுத் தூங்குனவரு எழுந்திரிக்கவே இல்லியே."

"விஷப்புகை வந்தா கத்துற கருவி இருக்காம். அதையும் வாங்கச் சொல்றேன்."

"சொல்லுங்க. தலைமாட்டுலயே மாட்டணும்."

பஸ் பாலத்தில் ஏறியது. கணவர் கைக்குட்டையால் கழுத்தைத் துடைத்தார். "அதுக்கும் மேல குளிர் தாங்கலைன்னா, ஊருக்கே வந்துடட்டுமே."

அந்த அம்மாள் சுற்றிலும் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார்.

"வேணாம். வந்தா, வயசுப் பசங்க எல்லாரும் சேரணும்னு சட்டம் போட்டுருக்காங்கல்ல, பட்டாளத்துக்குப் பிடிச்சுக்குவாங்க. தாங்கலைன்னா ரெண்டு ஹீட்டரா மாட்டிக்கச் சொல்லுங்க."