கண்ணாடித் தொட்டியில ஒரு கோடு

…அதைத்தான் கண்ணு நானும் கேக்கறேன்! நாலடி மீன் தொட்டி, கல்லு மாதிரி கண்ணாடி, பத்து வருசத்துக்கு அசையாதுன்னு சொல்லித்தானே அந்த மீன்கடைச் சந்துரு தலையில கட்டுனான்? மூணு வருசம்கூட ஆகலை. இங்க வா, குனிஞ்சு பாரு. அங்க இல்லை, இந்த ஓரத்துல. கோடு தெரியுதா? மேல இருந்து கீழ, ஒரு சாண் நீளத்துக்கு… தொடாதே! தொட்டா பொளந்துரும்.

படியிறங்கிப் போறவளைக் கையைப் புடிச்சு இழுத்துட்டு வந்துட்டாளேன்னு நெனச்சுக்காதே. மேல்வீட்டுக்கு வந்து ரெண்டு வாரமாச்சு, இன்னும் ஒரு வாய்க் காப்பி குடிக்கலை நீ. மோகனப்ரியாதானே? குண்டலுபேட்டைன்னு ஓனரம்மா சொன்னாங்க. நாங்க ராமாபுரம். பட்டுப்புடவையெல்லாம் கட்டிட்டு எங்க… ஓ, ஜம்பு சவாரிக்கா, தசரா யானை ஊர்வலத்துக்கா? பாஸு வேற வாங்கியிருக்கியா! இரு, இரு, நெம்ப நேரம் இருக்குது. யானை எங்க ஓடிப்போகுது? அது ஆடி அசைஞ்சு அரண்மனையை விட்டு வெளிய வர்றதுக்குள்ள நாலு மணி ஆயிரும். உக்காரு. அந்தச் சேர்ல வேண்டாம், அதுல தொட்டி ஃபில்டர் காயுது. ஸ்வல்ப தள்ளி உக்காரு.

நேத்துச் சாயங்காலம் விளக்கு வெக்கறப்பதான் பார்த்தேன். உடனே சந்துருவுக்குப் போன் போட்டேன். கடை லீவுங்கறான். தசராவுக்கு லீவு விட்டா கண்ணாடி விரிசலு காத்துட்டு இருக்குமா? போட்டோ அனுப்புங்க ஆன்ட்டின்னான். அனுப்புனேன். என் கட்டைவிரலுதான் நெம்பத் தெளிவா விழுந்திருக்குதாம். சரி, விரல் நகத்தை வெச்சு இழுத்துப் பாருங்க, நகம் மாட்டுனா விரிசலு, மாட்டலைன்னா ஒண்ணுமில்லைங்கறான். நான் நகத்தை வெப்பேனா? இழுக்கற இழுப்புல பொளந்துட்டு, இருநூறு லிட்டரும் ஹாலுக்குள்ள வந்தா யாரு பதில் சொல்றது? அப்பறம் சொல்றான், கோட்டுக்கு ரெண்டு முனையிலயும் அடையாளம் வெச்சுட்டுப் படுங்க, காலையில கோடு அடையாளத்தைத் தாண்டியிருந்தா பயப்படுங்கன்னு. பேனாவுக்கு எங்க போவேன், கண்மையில வெச்சேன். காலையில பார்த்தா மை வழிஞ்சு கிடக்குது. கோடு நீண்டுச்சா, மை இறங்குச்சான்னு மாதேஸ்வரனுக்குத்தான் வெளிச்சம்!

அதான் அஞ்சு மணிக்கு எந்திரிச்சு மொத்தத் தண்ணியும் மொண்டுட்டேன். இருபத்திரண்டு பக்கெட்டு. எண்ணிட்டேதான் மொண்டேன். இடுப்பு என்னுது இல்லை இப்ப. எங்க மீனு ராஜாவைப் புடிச்சு அந்த நீல டிரம்முல வுட்டிருக்கேன், பாரு. பயந்துக்காதே, மண்டையில கொழுக்கட்டை வெச்ச மாதிரி இருக்குதேன்னு. அந்தச் சாதி மீனே அப்படித்தான். எவ்வளவுக்கு மண்டை வீங்குதோ அவ்வளவுக்கு அழகாமா. என்னமோ போ.

யாரு பண்ணுன வேலைன்னு ராத்திரியெல்லாம் யோசிச்சேன். முதல்ல கடைக்காரனோட பசை. அப்பறம் எதுத்த வீட்டு வாஷிங் மிஷினு, அது சுத்தறப்ப எங்க வீட்டு ஜன்னலு நடுங்குது. இல்லைன்னா அந்தப் பீரங்கி! தசராவுக்கு வெடிக்கறதுக்குப் பத்து நாளா ஒத்திகை பார்க்கறாங்க. யானைக்கே பழக்கம் வேணும்னு வெடிக்கறாங்க, கண்ணாடிக்கு யாரு பழக்கம் குடுத்தா? அப்பறம்… தப்பா எடுத்துக்காதே கண்ணு, போன திங்கக்கிழமை நீ பீரோ நகத்துனே பாரு, தடதடன்னு… இல்லை இல்லை, உன்னைச் சொல்லலை. அய்யோ, மூஞ்சி ஏன் இப்படி வாடிப்போச்சு? பீரோன்னு ஒண்ணு இருந்தா நகத்தத்தானே வேணும்? நான் சும்னே, சும்மாதான் சொன்னேன்.

என் பயமெல்லாம் என்ற ஊட்டுக்காரரு பத்தித்தான். அவரு தம்பி புதுசா டிராக்டரு வாங்கியிருக்கான், அதுக்குப் பூசைன்னு முந்தாநாளு ராமாபுரம் போனாரு. இன்னைக்கு வந்துருவாரு. ரோடெல்லாம் அடைச்சிருப்பாங்க, பஸ்ஸை ஊருக்கு வெளியவே நிறுத்திருவாங்க, லேட்டாகும். அந்த ஒரு தைரியத்துலதான் உக்காந்து பேசிட்டு இருக்கேன். போறப்ப அவரு சொன்னது ஒண்ணே ஒண்ணுதான். "நாலு உருண்டை தீனி போடு, வேற எதுக்கும் தொட்டிப் பக்கம் போகாதே."

திட்டமாட்டாரு. திட்டுனாத் தேவலையே! போன வருசம் நெஞ்சுல ஸ்டென்ட்டு வெச்சுட்டு வந்ததுல இருந்து மனுசன் ஒரு மாதிரி ஆயிட்டாரு கண்ணு. டிவி இல்லை, பேப்பரு இல்லை. காலையில எந்திரிச்சதும் இந்தத் தொட்டிக்கு முன்னால வந்து உக்காந்துக்குவாரு. முணுமுணுன்னு அதுகிட்டப் பேசுவாரு. அதுவும் கண்ணாடியில மூக்கை ஒட்டிட்டுக் கேக்கும். அப்ப ஒரு சிரிப்பு வரும் பாரு அவருக்கு! முப்பத்திரண்டு வருசம் குடும்பம் நடத்தியிருக்கேன், என்னைப் பார்த்து அவருக்கு அப்படி ஒரு சிரிப்பு வந்ததில்லை. எனக்கு அந்த மீனைக் கண்டா ஆகாது. ஆனா அந்தச் சிரிப்பைப் பார்க்கறதுக்குத்தான் நானும் காப்பியைத் தூக்கிட்டு அந்த நேரத்துக்கு வர்றது. அந்தத் தொட்டி போச்சுன்னா…

என்ன கேட்டே? நானா? நான் என்ன பண்ணுனேன்! ஒண்ணும் பண்ணலை. நேத்துப் பூசை பண்ணுனேன், அவ்வளவுதான். ஊரே ஆயுத பூஜை பண்ணுது. மிக்ஸிக்குப் பொட்டு வெச்சேன், கிரைண்டருக்கு, ஸ்கூட்டருக்கு, அருவாமனைக்கு, அவரு பிரஷர் பார்க்கற மிஷினுக்கு… தொட்டியில ஓடற மோட்டாரு மட்டும் என்ன பாவம் பண்ணுச்சு? ராப்பகலா ஓடுது. அதுக்கும் சந்தனம் வெச்சு, கண்ணாடி மேல ஒரு பொட்டு வெச்சு, சாமந்திப்பூ சுத்தி, கற்பூரம் காட்டி… தேங்கா உடைச்சேன்.

எங்கயா? வாசல்லதான் உடைக்கலாம்னு போனேன். அங்க பூசணிக்கா உடைச்சதே வழுக்கிட்டு கிடக்குது. சரின்னு… தொட்டிக்கு அடியில கருங்கல்லுப் பலகை இருக்குதல்ல… நல்ல கெட்டிக் கல்லு கண்ணு… அதோட ஓரத்துல ஒரு தட்டு. சின்னத் தட்டுதான். …ரெண்டு. …சரி, மூணு! காயி உடையலை, நான் என்ன பண்ணட்டும்? சாமி காரியத்தைப் பாதியில வுட முடியுமா? மூணாவது மட்டும் கொஞ்சம் ஓங்கி… மீனே ஒரு சாண் மேல எந்திரிச்சு விழுந்துச்சு. நீ யாருகிட்டயும் சொல்லிராதே.

ஏய், என்ன பண்றே? கைக்குட்டையை எதுக்கு நனைக்கறே? வேண்டாம் கண்ணு, வேண்டாம்னு சொல்றேன்… மாதேஸ்வரா!

…எங்க? கோடு எங்க? அழிஞ்சு போச்சா? விரிசலு எப்படி அழியும்? நகத்தை வெச்சுப் பாரு. மாட்டலையா? நல்லாப் பாரு! குடு, அந்தக் கைக்குட்டையைக் குடு. பிசுபிசுங்குது. இரு… இனிக்குது கண்ணு! தேங்காத் தண்ணி! தெறிச்சு, வழிஞ்சு, காஞ்சு போயிருக்குது! அய்யோ, நீ நூறு வருசம் நல்லா இருக்கோணும், உன் கையைக் குடு, ஒத்திக்கறேன். பாவம் அந்தச் சந்துரு, ராத்திரி பதினொரு தடவை போன் போட்டேன். கடைசி நாலு தடவை அவன் எடுக்கலை.

அப்ப… அப்ப இருபத்திரண்டு பக்கெட்டு?

ரோஜாச் செடிக்கு ரெண்டு ஊத்துனேன். மீதி சாக்கடையில. நல்லிக் குழாயில தண்ணி நாளைக்குத்தான் வரும். அவரு வர்றப்ப தொட்டி காலியா நின்னா, நான் தொடலைன்னு எந்த வாயில சொல்றது? ஆமா, மேல் வீட்டுக்கு டேங்கு தனிதானே? நீ ஒருத்திதானே, எவ்வளவு செலவாயிருக்கப் போகுது. புடவையைக் கொஞ்சம் தூக்கிச் சொருகிக்க கண்ணு, ஒரு பதினஞ்சு பக்கெட்டு, ரெண்டு பேரும் மாத்தி மாத்தி எடுத்தா அரை மணி நேரம். உனக்குச் சின்னப் பக்கெட்டாப் பார்த்து எடுத்தாறேன், இரு. பின்னாடிதான் வெச்சிருக்கேன்… இதுக்குக் கைப்புடி போச்சு… இந்தா, இது உனக்குச் சரியா இருக்கும்…

கண்ணு? மோகனா?

செருப்பையும் காணோம். அடிப்பாவி, சத்தமில்லாம எப்படிப் போனா! கொலுசு போட்டிருந்தாளே.

பார்த்தியா ராஜா? இந்தக் காலத்துப் புள்ளைங்களுக்கு ஒரு வார்த்தை கேக்கப் பொறுமை இல்லை. நீயாவது அசையாம கேக்கறே. டிரம்முக்குள்ள இருக்கே, எங்க போவே? என்ன அப்படிப் பார்க்கறே? குறுக்கப் பேசறதில்லை, எந்திரிச்சுப் போறதில்லை… அட. அப்ப அவரும் இதுக்குத்தான் உன்கிட்ட வந்து உக்காந்துக்கறாரா?

அவரு ஒரு வார்த்தை எடுத்தா நான் ஒம்பது பேசறேன். நெஞ்சைப் புடிச்சுட்டு விழுந்தாரே, எப்படி வலிச்சுதுன்னு நான் அவரை ஒரு நாளும் கேட்டதில்லை ராஜா. வந்து விசாரிச்சவங்களுக்கெல்லாம் நானே சொன்னேன், இப்படி வலிச்சுதுன்னு. அவரு பக்கத்துலயே உக்காந்து கேட்டுட்டு இருந்தாரு. எனக்கு ஒரு மாதிரி இருக்குது போ.

இன்னைக்கு நான் வாயைத் தொறக்கறதில்லை. காப்பியைக் குடுத்துட்டு உக்காந்துக்கறேன். அவரே பேசட்டும்… வாசல் கேட்டுச் சத்தம்! அதுக்குள்ள வந்துட்டாரா!

வாங்க. பையைக் குடுங்க. நெம்ப தூரம் நடந்தீங்களா? …இல்லை இல்லை, நான் ஒண்ணும் சொல்லலை. நீங்க சொல்லுங்க, நான் கேக்கறேன். நெசமாத்தான். உக்காந்து சொல்லுங்க.

…ம்.

…ம்ம். டிராக்டருக்கா? அவ்வளவு பெரிய மாலையா?

…ம்.

…தொட்டியா? தொட்டிக்கு என்னங்க? …தண்ணியா?

ஏனுங்க, இது ஒண்ணை மட்டும் நான் சொல்லிர்றேனுங்க…