சுருளிச்சாமி வளர்த்த தக்காளி

வீட்டுத் தோட்டத்துக்கு எரு எப்படிப் போடணும், தண்ணி எப்ப ஊத்தணும்னு எனக்கு முன்னாடி பேசினவங்க அழகாச் சொல்லிட்டாங்க. நான் அதுக்குள்ள போகல. எனக்குத் தெரிஞ்ச ஒரு மனுஷனைப் பத்தி சின்னதா ஒரு கதை இருக்கு... கொஞ்சம் காதைக் குடுங்க.

சுருளிச்சாமின்னு ஒருத்தர். தேனிப் பக்கம் தக்காளி மண்டி வச்சிருக்கிறவர். முப்பது வருஷமா அதே தொழில். விவசாயி பெட்டியை இறக்கினா, மேலாப்புல ரெண்டு பழத்தை எடுப்பார்... கட்டைவிரலால ஒரு அமுக்கு. 'சரி, இறக்கு.' இல்லைன்னா, 'வேண்டாம், தூக்கு.' அவ்வளவுதான் பேச்சு! அவர் கெட்டவர் இல்லைங்க. தொழில் அப்படி. நின்னு யோசிக்க அங்க யாருக்கு நேரம்?

ஒருநாள் ஒச்சம்மான்னு ஒரு அம்மா பதினோரு பெட்டி கொண்டாந்து இறக்கினாங்க. முந்தின நாள் நல்ல மழை. மழை பேஞ்சா பழுக்கிற தக்காளி வெடிக்கும், உங்களுக்கே தெரியும். சுருளிச்சாமி ஒரு பழத்தைப் பார்த்தார்.

"வெடிச்சிருக்கும்மா. தூக்கு."

"மொதலாளி, வெடிப்பு தோல்லதான். ஒண்ணை அறுத்துப் பாருங்க... உள்ள நல்லாத்தான் இருக்கும்."

"வாங்குறவன் அறுத்தா பார்ப்பான்? நேரமாகுது, தூக்கும்மா."

அந்த அம்மா என்ன செய்வாங்க? திரும்ப ஏத்திட்டுப் போனா வண்டி வாடகை யார் குடுப்பா? மார்க்கெட்டுக்குப் பின்னாடி குப்பை மேட்டுல... பதினோரு பெட்டியையும் ஒண்ணொண்ணாக் கவுத்துட்டு, வெறும் பெட்டியை அடுக்கித் தூக்கிட்டுப் போயிட்டாங்க. சுருளிச்சாமி பார்த்தாரா? பார்த்தார். போன்ல பேசிக்கிட்டே பார்த்தார்.

கொஞ்ச நாள் கழிச்சு மண்டித் தரையில வழுக்கி விழுந்து அவருக்குக் காலு முறிஞ்சு போச்சு. கம்பி வச்சுக் கட்டி, நாலு மாசம் வீட்டை விட்டு நகரக் கூடாதுன்னுட்டார் டாக்டர். நாள் முழுக்க ஆள்களை அதட்டியே பழகின மனுஷன்... வீட்டுல சும்மா இருப்பாரா? குழம்புல குறை, ஃபேன் சத்தத்துல குறை. அவர் சம்சாரம் விஜயராணி பார்த்தாங்க. நர்சரிக்குப் போய்ப் பத்துத் தக்காளி நாத்து வாங்கிட்டு வந்து கொல்லையில வச்சாங்க.

"இந்தாங்க. இனிமே இதுங்களை அதட்டுங்க."

"தக்காளியைப் பத்தி எனக்கே சொல்லித் தர்றியா?"

சொன்னாரே தவிர, அவருக்கு என்ன தெரியும்? முப்பது வருஷமாப் பழத்தைத்தான் பார்த்திருக்கார். முதல் வாரமே மூணு செடி செத்துப் போச்சு. மிச்சத்துல இலை சுருண்டுச்சு. பிளாஸ்டிக் சேர்ல உக்காந்து, கட்டுப் போட்ட காலை நீட்டிக்கிட்டு, ஒவ்வொரு புழுவாக் கையால பொறுக்கினார். பூ பூத்துச்சு... உதிர்ந்துச்சு. "ஏன் விஜயா உதிருது?" சாப்பாட்டுத் தட்டு முன்னாடியும் அதே கேள்வி. பட்டாணி அளவுல முதல் காய் வந்தப்போ, மண்டி ஆளுக்குப் போன் போட்டுச் சொன்னாராம்!

காய் பருத்து நிறம் திரும்புச்சு. "நாளைக்குப் பறிச்சிடலாம்"னு சொன்ன அன்னிக்குச் சாயங்காலம் பிடிச்சுது மழை.

காலையில கம்பை ஊணிக்கிட்டுப் போய்ப் பார்த்தார். அத்தனையும் வெடிச்சிருக்கு.

விஜயராணி பாவம், எதார்த்தமாத்தான் கேட்டாங்க. "அடடா, எல்லாம் போச்சேங்க. பக்கத்து வீட்டு மாட்டுக்குப் போட்டுடவா?"

"போடாத! தோல்லதான் வெடிச்சிருக்கு. ஒண்ணை அறுத்துப் பாரு... உள்ள நல்லாத்தான்..."

சொல்லிக்கிட்டு வந்தவர் அப்படியே நின்னுட்டார்.

இது யார் சொன்ன வார்த்தை?

காலு சரியாகிக் கட்டைப் பிரிச்சதும், அவர் முதல்ல போனது மண்டிக்கு இல்லைங்க. ஊரை விசாரிச்சுக்கிட்டு ஒச்சம்மா வீட்டுக்குப் போனார்.

"ஒச்சம்மா, என்னைத் தெரியுதா?"

"மண்டி மொதலாளிதானே? உள்ள வாங்க."

"மழை பேஞ்ச மறுநாள், உன் சரக்கை நான் தூக்கச் சொன்னேன். நீ கொட்டிட்டுப் போன. மனசு கேக்கல தாயி... அதைச் சொல்லிட்டுப் போகத்தான் வந்தேன்."

அந்த அம்மா கோபமா இல்லை, நெசமாவே ஞாபகம் வராமக் கேட்டாங்க:

"நீங்க எந்தத் தடவையைச் சொல்றீங்க மொதலாளி?"

...

எந்தத் தடவை! இவருக்கு அது ஒரே ஒரு நாள். அந்த அம்மாவுக்கு அப்படி எத்தனை நாளோ! அவர் தலையைக் குனிஞ்சுக்கிட்டார். ஒச்சம்மா தக்காளியை விட்டு மக்காச்சோளத்துக்குப் போயி ஒரு பருவம் ஆச்சாம். திரும்பி வாங்கன்னு கூப்பிட்டார். "இருக்கட்டும் மொதலாளி"ன்னுட்டாங்க.

இப்ப அவர் மண்டியில வெடிச்ச பழத்தைத் தனியாப் பிரிச்சு, அன்னிக்கே ஓட்டல்களுக்கு அனுப்பிடுறார். விலை கம்மிதான். ஆனா அவர் மண்டிக்கு வந்த யாரும் சரக்கைக் கொட்டிட்டுப் போறதில்ல. ஒச்சம்மாவுக்கு அது உதவலையே... அந்த வருத்தம் அவருக்கு இன்னும் இருக்கு.

ஏன் இதைச் சொல்றேன்? வீட்டுத் தோட்டம் போட்டா செலவு குறையும், மருந்தடிக்காத காய் கிடைக்கும். நல்லதுதான். ஆனா ஒண்ணு கேக்குறேன்... பத்துச் செடி உங்க குடும்பத்துக்கு வருஷம் பூராச் சோறு போடுமா? போடாது. நீங்க திரும்பக் கடைக்குத்தான் போவீங்க. போகும்போது வேற ஆளாப் போவீங்க. ஓட்டை விழுந்த கத்தரிக்காயைப் பார்த்ததும், 'இந்தப் புழுவோட ஒருத்தர் எவ்வளவு மல்லுக்கட்டியிருப்பார்'னு தோணும். சோத்தை மிச்சம் வைக்க மனசு வராது. வளர்த்தவங்க எங்கயோ இருக்காங்க... அவங்க பேரு நமக்குத் தெரியாது, முகம் தெரியாது. அவங்க பட்ட பாட்டைத் தெரிஞ்சுக்க எனக்குத் தெரிஞ்சு ஒரே வழிதான் இருக்கு. நாமளும் ஒரு செடியை வளர்த்து, அது பிழைக்குமா பிழைக்காதான்னு பயந்து பார்க்கணும்.