இரட்டையர் பட்டம், ஒற்றைப் பெயர்

மார்பிலே முட்டைக்கோஸ் பருமனுக்குச் சிவப்புப் பட்டுப்பூ குத்திக்கொண்டு தலைமை நாற்காலியைத் தாங்கிப் பிடித்திருக்கும் விளையாட்டுத் துறை இயக்குநர் பெய் ஷோவ்ரன் அவர்களே! அவருக்கு வலப்புறம் அமர்ந்து, மூடிபோட்ட குவளையில் தேநீரை ஊதி ஊதிக் குடிக்கும் பயிற்சியாளர் காவ் திங்ஃபா அவர்களே! நடுநாயகமாக வீற்றிருக்கும் நமது ஊரின் நட்சத்திரமே, இறகுப்பந்து இரட்டையர் ஆட்டத்தில் உலகை மூன்று முறை வென்ற வென் சூச்சினே! இறகுத் தொழிற்சாலையில் என்னோடு முப்பது வருடம் வாத்து இறகு பிரித்த தோழிகளே, தாய்மார்களே! முன்வரிசையில் சூரியகாந்தி விதை கொறித்துத் தரையை அலங்கரிக்கும் பெரியவர்களே! அனைவருக்கும் இந்தக் கிழவியின் வணக்கம்.

பெயர்களை நான் சும்மா அடுக்கவில்லை. பன்னிரண்டு வருடங்களுக்கு முன்னால், தேசியப் போட்டியின் அரையிறுதி அன்று, மாகாணத் தலைநகர் அரங்கில் இருந்தவர்களும் நீங்களேதான். தொழிற்சாலைப் பேருந்தில் வாந்தி எடுத்துக்கொண்டே வந்தோமே, மறந்துவிட்டதா? அன்று இருந்து இன்று இல்லாதவள் ஒருத்திதான். சூச்சினோடு ஜோடி சேர்ந்து ஆடியவள். இந்த நேரத்தில் பேருந்து நிலையத்துக்கு எதிரே அரிசி நூடுல்ஸ் வேகவைத்துக்கொண்டிருப்பாள். பெயர் ஜுவாங் யாவ்லிங். என் பேத்தி.

காலையில் அவள் என் சட்டைப் பொத்தானைப் போட்டுவிட்டுச் சொன்னாள்: "பாட்டி, குடுத்த காகிதத்தை மட்டும் படிச்சிட்டு இறங்கிடுங்க. வேற எதுக்கும் வாயத் தொறக்காதீங்க."

காகிதம் இதோ இருக்கிறது. சூச்சினுக்கு வாழ்த்துரை என்று அலுவலகத்தார் அழகாக அச்சடித்துக் கொடுத்தார்கள். இதில் எனக்குத் தெரிந்த எழுத்து பதினொன்று. அதில் மூன்று என் பெயர். படிக்கத் தெரியாதவளுக்குக் காகிதம் கொடுத்தது யார் குற்றம் அய்யா? ஆகவே எனக்குத் தெரிந்ததைப் பேசுகிறேன்.

அதோ அந்தச் சுவரைப் பாருங்கள். தங்க எழுத்தில் பளபளக்கிற பலகை! சூச்சின் வென்ற பட்டங்கள் ஏழும் ஏழு வரிகளாக மின்னுகின்றன. என் தோழியின் மகனைப் படிக்கச் சொல்லிக் கேட்டேன். "முதல் வரி: தேசிய இளையோர் இரட்டையர் பட்டம், வென் சூச்சின்" என்றான். அப்புறம் என்றேன். "அவ்வளவுதான் பாட்டி" என்றான்.

இரட்டையர் பட்டமாம்! ஒரே பெயராம்! அடடா, என்ன அற்புதம்! ஒருத்தியே முன்னால் நின்றாளாம், ஒருத்தியே பின்னால் நின்றாளாம்! தன் கையைத் தானே தட்டி வாழ்த்திக்கொண்டாளாம்! உலகத்தில் வேறெந்த நாடாவது இப்படியொரு ஆட்டக்காரியைப் பெற்றதுண்டா? அந்தப் பட்டத்தை வென்ற அன்று என் பேத்தி எங்கே போயிருந்தாள்? வலைக்கு மேலே காற்று வாங்கிக்கொண்டிருந்தாளா?

சிரியுங்கள், சிரியுங்கள். இயக்குநர் மட்டும் சிரிக்கவில்லை. அவருக்குப் பூ குத்துகிறது போலிருக்கிறது.

இப்போது அரையிறுதிக்கு வருகிறேன். ஒரே மாகாணத்தின் இரண்டு ஜோடிகள் எதிரெதிரே நின்றால் யார் ஜெயிக்க வேண்டும் என்பதை யார் முடிவு செய்வார்கள்? ஆடுகிறவர்களா? அது வெளியூர்க்காரர்களின் மூட வழக்கம். நம்மிடம் அதற்கு முந்தின நாளே கூட்டம் போடுவார்கள். "இந்த ஜோடி களைப்பில்லாமல் இறுதிக்குப் போகட்டும், அந்த ஜோடி வழிவிடட்டும்" என்று தீர்மானிப்பார்கள். அதற்குப் பெயர் அணியின் திட்டம். தோற்கிறவர்கள் வேர்க்க வேர்க்க, வேடிக்கை பார்க்கிறவன் வயிறு நிறைய நிறைய, தத்ரூபமாகத் தோற்க வேண்டும்.

அன்று வழிவிட வேண்டியது சூச்சினும் யாவ்லிங்கும். அதிலே ஒரு புதுமை. இரண்டு பேரில் ஒருத்தியிடம் மட்டும்தான் சொன்னார்கள்! ஏன் என்று பயிற்சியாளரையே கேட்போமே? சொல்லுங்கள் காவ், ஊரே கேட்கட்டும்.

"அந்தக் காலத்து வழக்கம் அது, பாட்டி. யாவ்லிங்கிட்ட சொல்லியிருந்தா அவ மூஞ்சியே காட்டிக் குடுத்திருக்கும். அவளுக்கு நடிக்க வராது."

கேட்டீர்களா? நடிக்க வராத குற்றத்துக்காக என் பேத்தியை நிஜமாகவே ஓடவிட்டார்கள். அவள் உண்மையாக ஓடினால்தானே நடுவருக்குச் சந்தேகம் வராது? என்ன மூளை! இந்த மூளைக்கு அல்லவா தங்கப் பலகை வைத்திருக்க வேண்டும்!

மூன்றாவது ஆட்டம். பதினெட்டுக்குப் பதினெட்டு. முன்னால் யாவ்லிங், பின்னால் சூச்சின். முன்னால் நிற்பவளுக்குப் பின்கோடு தெரியாது. தலைக்கு மேலே வரும் பந்தை அடிப்பதா, விடுவதா என்று பின்னால் நிற்பவள்தான் குரல் கொடுக்க வேண்டும். பந்து வந்தது. யாவ்லிங் மட்டையை ஓங்கினாள். "விடு! வெளியே போகுது!" என்று சூச்சின் கத்தினாள். யாவ்லிங் மட்டையைத் தாழ்த்தினாள். பந்து கோட்டுக்கு உள்ளே, ஒரு சாண் உள்ளே விழுந்தது.

மறுபடி வந்தது. "விடு!" மறுபடி உள்ளே.

எனக்குப் பக்கத்தில் இருந்த நீதானே அக்கா சொன்னாய், "அந்தப் பொண்ணுக்குக் கண்ணுல கோளாறு போல"ன்னு? ஆமாம் ஆமாம், தலையை ஆட்டு. கோளாறு கண்ணில் இல்லை.

பதினெட்டுக்கு இருபது. மூன்றாவது முறையும் "விடு!" என்ற குரல் வந்தது. யாவ்லிங் விடவில்லை. பின்னால் எம்பி, வில்லாய் வளைந்து, அந்தரத்தில் நின்று அடித்தாள். எதிர்ப்பக்கத் தரையில் பந்து விழுந்த சத்தம் கேட்டது. புள்ளி நமக்கு! அதற்கடுத்து இன்னொரு சத்தம். அது அவள் முழங்கால். புள்ளியை ஜெயித்தவள் எழுந்திருக்கவில்லை. காயம், ஆட்டம் முடிந்தது, எதிர் ஜோடி இறுதிக்கு. அணியின் திட்டம் அமோக வெற்றி!

தூக்குப்படுக்கையில் படுத்துக்கொண்டு அவள் கேட்ட கேள்வி ஒன்றுதான். "சூச்சின், பந்து உனக்கு நிஜமாவே வெளியதான் தெரிஞ்சுதா?" அடுத்த மாதமே சூச்சினுக்குப் புது ஜோடி வந்தது, தேசிய அணி வந்தது, உலகப் பட்டங்கள் வந்தன. பதில் மட்டும் பன்னிரண்டு வருடமாக வரவேயில்லை. அந்தப் பதிலுக்காகவும் அந்த முதல் வரிக்காகவும்தான் இந்த மேடையில் நிற்கிறேன்.

ஏன் அம்மா எழுந்துவிட்டாய்? ஒலிபெருக்கி வேண்டுமா? இந்தா, பிடி.

"தெரிஞ்சுது பாட்டி. உள்ளதான் விழும்னு மூணு தடவையும் தெரிஞ்சுது. தெரிஞ்சேதான் கத்துனேன். எனக்கு அப்ப இருபது வயசு. என்னை மன்னிச்சிடுங்க."

தாய்மார்களே, கை தட்டாதீர்கள். பொறுங்கள். இயக்குநர் என்னவோ சொல்கிறார்.

"பேரைச் சேர்த்துடலாம் பாட்டி! நாளைக்கே சேர்த்துடலாம்!"

நாளைக்கு எதற்கு? பலகை எழுதியவர் நான்காவது வரிசையில் மிட்டாய் தின்றுகொண்டிருக்கிறார். ஏணியும் திரைக்குப் பின்னால்தான் சாய்ந்திருக்கிறது. எழுதி முடிக்கும்வரை இந்த நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறேன். எனக்கு நூடுல்ஸ் கடையில் வேலை ஒன்றும் இல்லை.

அதோ ஏணி வருகிறது. இப்போது தட்டுங்கள்! இப்போது தட்டுங்கள்!

இயக்குநர் அவர்களே, உங்களை மன்னித்துவிட்டேன். மேலே இருப்பவர் சொன்னார், நீங்கள் தலையாட்டினீர்கள். உங்களுக்குத் தெரிந்த உடற்பயிற்சி அது ஒன்றுதான். பயிற்சியாளரே, உங்களையும் மன்னித்துவிட்டேன். நீங்கள் என் பேத்திக்கு யார்? சம்பளம் வாங்கிய வாத்தியார். யாவ்லிங் உங்கள் எல்லோரையும் எப்போதோ மன்னித்துவிட்டாள், வருடப்பிறப்புக்கு ஆரஞ்சுப் பழம்கூட அனுப்புகிறாள். அது அவள் குணம். என் குணம் வேறு.

எதிரே நிற்பவள் ஏமாற்றலாம், ஏமாற்றத்தான் ஆடுகிறாள். மேலே இருப்பவன் ஏமாற்றலாம், அவனை யார் நம்பினார்கள்? ஆனால் பின்னால் இருந்து வந்த குரலை நம்பி, திரும்பிக்கூடப் பார்க்காமல், ஒருத்தி இரண்டு முறை மட்டையைத் தாழ்த்தினாள். அந்தக் குரல் கூடப் பிறந்தவளின் குரலைவிட அவளுக்கு நெருங்கிய குரல்.

நீ பெரிய ஆட்டக்காரி அம்மா. பொய்யில்லை, இந்த நாட்டிலேயே பெரியவள். உண்மையைச் சொன்னாய், நன்றி. பொறுமையாகக் கேட்ட சபைக்கு நன்றி, ஏணி பிடிக்கிற கைகளுக்கும் நன்றி. எல்லோரும் போகும்போது ஒரு கிண்ணம் நூடுல்ஸ் சாப்பிட்டுவிட்டுப் போங்கள். வணக்கம். நான் சாகும்வரை மன்னிக்கப்போவதில்லாத ஒருத்தி உண்டு, அவள் பெயர் வென் சூச்சின்.