ஒத்தை சீட்டு

வண்டிக்குக் கறுப்பு பெயிண்ட் கேக்குறவங்களை எனக்குப் பொதுவா பிடிக்காது சார். அழுக்கு தெரியாதுன்னு சொல்லுவாங்க. தெரியாதுதான், துடைக்குற வேலையும் மிச்சம் பாருங்க. என் தங்கச்சி புருஷன் கேட்டது அதுலயும் பளபளப்பே இல்லாத கறுப்பு. அடிப்பிடிச்ச சட்டி மாதிரி இருக்கும். அதுதான் இப்ப ஸ்டைலாம்.

முதல் விபத்துல இருந்து சொல்றேன். காய்ஞ்சு கிடந்த நேர் ரோட்டுல, காலையில பத்து மணிக்கு, ஓரமா நின்னுட்டு இருந்த கார் மேல போய் மோதினான். கேட்டா ரோடு சரியில்லைன்னான். ஆடத் தெரியாதவ மேடை கோணல்னாளாம். அவனுக்கு முழங்கையில சிராய்ப்பு. பின்னால உக்காந்திருந்த என் தங்கச்சிக்கு மணிக்கட்டு முறிஞ்சுது. நான் ஆஸ்பத்திரிக்கு ஓடினா, அவன் கேட்ட முதல் கேள்வி, "மச்சான், டேங்க் நிமிருமா?" அன்னைக்கே அந்த ஆளை என் கணக்குல இருந்து கழட்டி வெச்சிட்டேன்.

இன்சூரன்ஸ் சர்வேயர் என் பட்டறைக்கு வந்து வண்டியைப் பாத்தாரு. முன் சக்கரத்தைத் தாங்குற ரெண்டு குழாய் இருக்கு இல்லையா, ஃபோர்க், அது வளைஞ்சிருந்துச்சு. புதுசு மாத்தணும்னு எழுதிட்டுப் போனாரு. பணம் நேரா மாப்பிள்ளை கைக்கு வந்துச்சு. வந்ததும் தலைகால் புரியலை அவனுக்கு. சிநேகிதங்க நாலு பேரைக் கூட்டிட்டு வந்து பட்டியல் படிச்சான். அகலமான ஹேண்டில்பார், தெருவையே எழுப்புற சைலன்சர், கல்யாண மண்டபத்துக்குப் போடுற மாதிரி லைட்டு.

"முதல்ல ஃபோர்க்கை மாத்தணும் மாப்பிள்ளை"ன்னேன்.

அவன் சிநேகிதங்க பக்கம் திரும்பி, "எங்க மெக்கானிக் பில்லை ஏத்தப் பாக்குறாரு"ன்னான். சிரிச்சாங்க. மெக்கானிக்காம். நாலு பேர் முன்னால மச்சான்னு சொல்ல வாய் வரலை பாருங்க. "நிமித்திடுங்க, போதும். உங்களால முடியலைன்னா சொல்லிடுங்க."

இருபத்தேழு வருஷமா இந்தத் தொழில்ல இருக்கேன் சார். நான் செஞ்சு அனுப்பின வேலை ஒண்ணுகூட குறைன்னு திரும்பி வந்ததில்ல. முடியலைன்னு சொல்ற வழக்கம் எனக்குக் கிடையாது.

நிமித்தினேன். நேராத்தான் வந்துச்சு. துடைச்சுப் பாக்குறேன், இடது பக்கக் குழாய்ல அடியில முடி கனத்துக்கு ஒரு விரிசல். நான் அழுத்தினதுல விழுந்தது. கண்ணுக்குச் சட்டுன்னு தெரியாது, நகத்தை வெச்சு இழுத்தா மாட்டும். அப்படி ஒரு குழாயோட வண்டி ஓட்டினா என்னைக்காவது ஒருநாள் பிரேக் பிடிக்கும்போது முறியும். எந்த நாள்னுதான் சொல்ல முடியாது.

அவன்கிட்ட சொல்லியிருக்கலாமேம்பீங்க. கழுதைக்குத் தெரியுமா கற்பூர வாசனை? நிமித்தத் தெரியாம உடைச்சிட்டாருன்னு அந்த நாலு பேர்கிட்டயும் சொல்லிச் சிரிப்பான். அவன்தானே கறுப்பு கேட்டான். குழாய்க்கும் சேத்து மூணு பூச்சு அடிச்சேன்.

தங்கச்சியை நினைக்காம இல்ல. ஒத்தை சீட்டு எதுக்குப் போட்டேன்னு உங்க ஆளுங்க கேட்டாங்களே, அவளுக்காகத்தான். அது மாப்பிள்ளை பட்டியல்ல கிடையாது, நான் சொன்ன யோசனை. காசுகூட வாங்கலை. ரேஸ் வண்டி மாதிரி இருக்கும்னேன், பல்லைக் காட்டினான். இனிமே அவ பின்னால உக்கார முடியாது. விழுந்தா அவன் மட்டும்தான் விழுவான். ஒரு அண்ணன் இதுக்கு மேல என்ன செய்ய முடியும், நீங்களே சொல்லுங்க.

வண்டியை எடுத்துட்டுப் போன மூணாவது வாரம், ரெண்டு பேரும் அதைத் தள்ளிட்டு நடந்தே பட்டறைக்கு வந்தாங்க. தங்கச்சி கையில மாவுக்கட்டு. அது மேல அவன் பேனாவால ஏதோ பூ வரைஞ்சு வெச்சிருந்தான், பூவா பூசணியான்னு தெரியாத மாதிரி.

"அண்ணா, பழைய சீட்டை மாட்டிக் கொடேன். நாளைக்குக் காலையில கட்டுப் பிரிக்கப் போறோம்."

"பஸ்ல போம்மா."

"அவர் லீவு போட்டுட்டு வர்றாருண்ணா. மெதுவா ஓட்டுறேன்னு என் தலையில அடிச்சு சத்தியம் பண்ணியிருக்காரு"ன்னு சிரிச்சா.

அவன் வாசல்ல கூலிங் கிளாஸோட நின்னுட்டு இருந்தான். "என்ன மச்சான், ஒரு சீட்டு மாட்ட இவ்வளவு யோசனையா? அடுத்த தெருவுல ஒருத்தர் இருக்காரு, அவர்கிட்ட காட்டிக்கவா?"

அடுத்த தெருக்காரன் விவரமானவன். ஃபோர்க்கைத் தடவிப் பாக்காம வண்டியை வெளிய விட மாட்டான். பாத்தா அன்னைக்குச் சாயங்காலத்துக்குள்ள என் பேர் நாறிடும். அந்த நிமிஷம் நான் ஒரு வார்த்தை சொல்லியிருந்தா போதும், அது எனக்குத் தெரியும். தான் ஆடாட்டியும் தன் தசை ஆடும்னு சொல்லுவாங்க. எனக்குக் கைகூட ஆடலை. பழைய சீட்டை எடுத்துட்டு வந்து மாட்டினேன். போகும்போது அவ கட்டுப் போட்ட கையைத் தூக்கி டாட்டா காட்டினா.

மறுநாள் சிக்னல்ல சிவப்பு விழுந்ததும் பிரேக் பிடிச்சிருக்கான். மெதுவாத்தான் வந்தானாம். குழாய் முறிஞ்சுது, ரெண்டு பேரும் விழுந்தாங்க, பின்னால வந்த லாரி நிக்கலை. அவனுக்கு மறுபடியும் சிராய்ப்புதான். அவளை ரெண்டு கையிலயும் ஏந்திட்டு ஆஸ்பத்திரி வரைக்கும் ஓடினானாம். போறதுக்குள்ள அவ உயிர் போயிடுச்சு. டேங்கைத் திரும்பிக்கூட பாக்கலைன்னு சொல்றாங்க. நான் நம்பலை. இப்பவும் அழுதுட்டே இருக்கான்னு நீங்க சொல்றீங்க. அழட்டும். அன்னைக்கே ஃபோர்க்கை மாத்தியிருந்தா அழ வேண்டி வந்திருக்காது.

விரிசல் இருக்குன்னு எனக்குத் தெரியும். அது மேல பெயிண்ட் அடிச்சது நான். தெரிஞ்சே சீட்டு மாட்டிக் கொடுத்ததும் நான். எழுதிக்கோங்க, கையெழுத்துப் போடுறேன்.

ஒண்ணே ஒண்ணு சார். ஸ்டேஷன் வாசல்ல நீங்க போட்டு வெச்சிருக்கிற வண்டியை வரும்போது பாத்தேன். முன்பக்கம் மொத்தமும் நசுங்கிக் கிடக்கு. சீட்டு மட்டும் இம்மிகூட அசையலை. நாலு போல்ட்டையும் நல்லா இறுக்கித்தான் மாட்டினேன். என் வேலையில குறை இல்லைன்னு அதையும் சேத்து எழுதிடுங்க.