பாரிஸுக்குப் போன விரிப்பு

ஜோரிஸ்: இப்பவாவது உண்மையைச் சொல்லிடலாம்க்கா...

ரோஸ்லீன்: சொல்லு! இந்த பாரிஸ் ஹோட்டல் ஆர்டர் கைவிட்டுப் போனா, நாளைக்கே நம்ம நெசவு மில்லை வித்துடுவாரு சித்தப்பா. அம்மா படுத்த விரிப்பை சாம்பிள்னு பாரிஸுக்கு அனுப்பினது நீ.

ஜோரிஸ்: விக்கிறதையும் வீட்டுல விரிக்கிறதையும் ஒரே மாதிரி மடிச்சு, ஒரே நீல ரிப்பன்ல கட்டி, ஒரே அலமாரியில அடுக்குற குடும்பம் வேற எங்க இருக்கு? நான் என்னத்தக் கண்டேன்?

ரோஸ்லீன்: ஷ்ஷ்... வந்துட்டாங்க. வாங்க மதாம் பெல்குர்! ரயில்ல கூட்டமா?

மதாம்: அதை விடுங்க. நாலு கம்பெனி சாம்பிள் அனுப்பினாங்க. உங்களோடதுல கையை வச்சா எடுக்க மனசு வரல. எப்படி இவ்வளவு மெத்துன்னு...

ரோஸ்லீன்: அது... கொள்ளுத்தாத்தா காலத்து நெசவு மதாம். லினன் நூல் எடுக்க, லெய் ஆத்துல ஆளிச்செடித் தட்டையை ஊறப்போட்டு...

ஜோரிஸ்: ஊரே நாறுமாம்.

ரோஸ்லீன்: நீ சும்மா இரு. உலகப்போர்ல ஜெர்மன்காரங்க இரும்பு தேடி வந்தப்ப, தாத்தா தறியைக் கழட்டித் தோட்டத்துல புதைச்சாரு. மேல உருளைக்கிழங்கு நட்டுட்டாரு!

மதாம்: கெட்டிக்காரர்.

ரோஸ்லீன்: அப்பா அதைத் தோண்டியெடுத்து, துருவைச் சுரண்டி மறுபடி ஓட்டினாரு. எங்க வீட்டுல யாருக்குக் கல்யாணம்னாலும் விரிப்பு அந்தத் தறியிலதான்.

மதாம்: சரி. எங்க ஹோட்டல் முழுக்க இதே மெத்து வேணும். முடியுமா?

ரோஸ்லீன்: ம்... முடி...

ஜோரிஸ்: முடியாது மதாம்.

ரோஸ்லீன்: டேய்!

ஜோரிஸ்: பொறு அக்கா. மதாம், நீங்க தொட்டது எங்கம்மா கல்யாண விரிப்பு. முப்பது வருஷம் துவைச்ச துணி. புதுசு கொஞ்சம் விறைப்பாத்தான் இருக்கும். தப்பா அனுப்பிட்டேன்.

ரோஸ்லீன்: போச்சு... எல்லாம் போச்சு.

மதாம்: என்ன போச்சு? இந்தாங்க, ஆர்டர். கையெழுத்துப் போட்டுட்டுதான் ரயில் ஏறினேன்.

ஜோரிஸ்: அக்கா! நிஜமாவே கையெழுத்து இருக்குக்கா!

ரோஸ்லீன்: கிழிச்சிடாதடா, இப்படிக் குடு... சித்தப்பா மூஞ்சியை இன்னிக்குப் பாக்கணும்! ஆனா மதாம்... இது பழசுன்னு தெரிஞ்சிருந்தா...

மதாம்: வந்த அன்னிக்கே தெரியும்மா. கால்மாட்டுல உங்கம்மா கிழிசலை இழையோட்டித் தைச்ச இடம் கண்ணுல பட்டுச்சு. எங்க சலவைக்கூடத்துல எல்லாத்தையும் கொதிக்க வச்சோம். மத்தவங்க புதுத்துணியெல்லாம் ஓரம் பிஞ்சு வந்துச்சு. உங்கம்மா தையல்கூட அசையல. அப்பவே முடிவு பண்ணிட்டேன். இதே மெத்து முடியுமான்னு கேட்டது உங்க வாயைக் கிளறத்தான்... நீங்க புதுசையே நெய்ங்க. மெத்துன்னு ஆக்குற வேலையை எங்க ஹோட்டலுக்கு வர்றவங்க படுத்துப் படுத்துப் பாத்துக்குவாங்க!