செருப்பு கிடைச்சிருச்சு சார்

ஹலோ... ஆமா, பாண்டிச்செல்விதான்... விஸ்வநத்தம் பாண்டிச்செல்வியேதான், சொல்லுங்க... ஓ, டிரஸ்ட் சீனிவாசகம் சாரா. வணக்கம் சார்... இல்ல இல்ல, தொந்தரவெல்லாம் இல்ல. செருப்பத் தேடிக்கிட்டு இருந்தேன். கட்டிலுக்கு அடியில தலைய விட்டுக்கிட்டுப் பேசுறேன், அதான் குரல் அப்படிக் கேக்குது... எங்க வீட்டுச் செருப்பு வாசல்ல கிடக்காது சார், அது ஒரு பெரிய கதை. நீங்க விசயத்தச் சொல்லுங்க. வேலைக்குக் கூட்டிட்டுப் போற பிரஸ் வேன் வர்றதுக்குள்ள சொல்லிருங்க.

ஆமா... ஆமா ஆமா... பாராட்டு விழாவா. யாருக்கு?... எனக்கா. எதுக்கு சார்?... செத்துப்போன அக்கா பிள்ளைய வளக்குறதுக்கா. சரிதான். தெருவுல விட்டிருந்தா போலீஸ் வந்திருக்கும், வீட்டுல வச்சுச் சோறு போட்டா சால்வை வருதாக்கும்... சேச்சே, கோவமெல்லாம் இல்ல சார். சந்தோசந்தான். எனக்குச் சந்தோசம் வந்தா பேச்சு இப்படித்தான் வரும்.

ம்... ம்... பேனரா?... பிரீத்திகா போட்டாவா? அவ போட்டா உங்களுக்கு எப்படிக் கிடைச்சுச்சு?... பள்ளிக்கூடத்துல வாங்குனீகளா, எங்கிட்ட ஒரு வார்த்தை கேக்காம. சரி, மேல என்ன எழுதியிருக்கீக, வாசிங்க பாப்போம்... ‘பட்டாசு விபத்தில் அன்னையை இழந்த அரும்பு.’ அருமையா இருக்கு சார். எங்க வைக்கப் போறீக?... பஸ் ஸ்டாப்புலயா. ரொம்ப வசதி. அவ பள்ளிக்கூடம் போற வழிதான் அது. என்னைக்காவது ஒருநா பிள்ள மறந்து சிரிச்சுட்டான்னாலும், உங்க பேனர் ஞாபகப்படுத்திரும்.

சொல்லுங்க... பிரீத்திகா மேடையில ஏறி நன்றி சொல்லணுமா... ரெண்டே வரிதானா. சார், அவ வீட்டுல எங்கிட்டப் பேசுறதே அவளுக்கா தோணுனாத்தான். குக்கர் விசில் அடிச்சா பீரோவுக்குப் பின்னால போயி உக்காந்துக்கிருவா, அப்புறம் நானும் போயி அங்கன உக்காந்தாத்தான் வெளிய வருவா. அவ வந்ததுல இருந்து குக்கர எடுத்துப் பரண்ல போட்டுட்டு வடிச்ச சோறுதான் தின்னுக்கிட்டு இருக்கோம்... ஆமா, உடம்புக்கு நல்லதுதான். எங்க வீட்டுக்காரரு தங்கச்சாமியும் அதைத்தான் சொல்றாரு.

யாரு?... ஓ, தலைமை விருந்தினரு. பெரிய கம்பெனி ஓனரு, தெரியாம என்ன. அவரு வரும்போது என்ன?... இன்னொருக்கச் சொல்லுங்க... பத்தாயிரம் வாலாவா.

சார்...  நான் சரியாத்தான் கேட்டேனான்னு பாத்துக்கிறேன். வெடியில ஆத்தாளப் பறிகுடுத்த பிள்ளைகள எல்லாம் கூட்டிட்டு வந்து மண்டபத்துல வரிசையா உக்கார வச்சு, வாசல்ல பத்தாயிரம் வாலாவக் கொளுத்திவிடப் போறீக... புரியுது சார், வழக்கம். நம்ம ஊருல வெடி இல்லாம எது நடந்திருக்கு, கல்யாணத்துக்கும் வெடி, காதுகுத்துக்கும் வெடி. எங்க அக்காவ எடுக்கும்போதே ஒருத்தன் சரத்த விரிச்சுக்கிட்டு நின்னான். எங்க வீட்டுக்காரருதான் பிடுங்கிச் சாக்கடையில போட்டாரு. அவனுக்கு ஒரே வருத்தம், மரியாதை செய்ய விடலையேன்னு.

ம்... ஆமா, பரிசு உண்டுன்னு சொன்னீக. என்ன பரிசு?... கிஃப்ட் பாக்ஸு. அதான பாத்தேன், வேற எதைக் குடுத்துறப் போறீக... வெடி கிடையாதா, மத்தாப்பும் சங்குசக்கரமும் மட்டுந்தானா. அப்ப ரொம்ப யோசிச்சுத்தான் செஞ்சிருக்கீக சார். பிள்ளைக மனசு புரிஞ்ச ஆளுக.

இருங்க சார், அரிசி டிரம்மத் தெறந்து பாத்துக்கிறேன்... இல்ல, அரிசிக்கு இல்ல, செருப்புக்கு... ஆமா, அரிசி டிரம்முலதான் தேடுறேன். நேத்து இதுக்குள்ளதான் கிடந்துச்சு. முந்தாநா தண்ணித் தொட்டிக்குப் பின்னால. பக்கத்து வீட்டு ஆட்டுக் கொட்டகையில கூட ஒருவாட்டி எடுத்திருக்கேன். எல்லாம் பிரீத்திகா சோலிதான்... குறும்பா? குறும்பு இல்ல சார்.

நேரம் இருந்தா சொல்றேன், கேளுங்க. பட்டாசு செய்யிற ரூமுக்குள்ள, உரசுனா தீப்பிடிச்சிருமுன்னு, செருப்புப் போடக்கூடாதுல்ல. எங்க அக்காளும் கூட வேலை பாத்தவளுகளும் தள்ளிப் போயி வேப்பமரத்தடியில கழட்டிப் போட்டுட்டுத்தான் உள்ள போவாளுக. வெடிச்ச அன்னைக்கு ரூமு இல்ல, செவுரு இல்ல, ஆளுக இல்ல. மரத்தடியில செருப்பு மட்டும் போட்டது போட்டபடி கிடந்துச்சு. யாரோ ஒரு புண்ணியவான் அக்கா செருப்ப மஞ்சப் பையில போட்டுக் கொண்டாந்து வீட்டுல குடுத்திருக்கான். வாங்குனது இந்தப் பிள்ளதான். அவ அப்பன் கேரளாவுக்குப் போனவரு போனவருதான், வீட்டுல வேற ஆளு ஏது.

எங்கிட்ட வந்த நாள்ல இருந்து விடிஞ்சதும் அவளுக்கு முதல் சோலி எஞ்செருப்ப ஒளிக்கிறதுதான். செருப்பு இல்லன்னா சித்தி வேலைக்குப் போக மாட்டா. போகலைன்னா சாக மாட்டா. அவ்வளவுதான் சார், வேற ஒண்ணுமில்ல. நான் பட்டாசுக்குப் போகல தாயி, பிரஸ்ல காலண்டர் உச்சியில தகரப்பட்டை அடிக்கத்தான் போறேன், தகரம் வெடிக்காதுன்னு எம்புட்டோ சொல்லிட்டேன். கேப்பா, தலைய ஆட்டுவா, மறுநா செருப்பு ஆட்டுக் கொட்டகையில கிடக்கும். பிரஸ்ல சூப்பர்வைசர் ஏம்மா தினம் லேட்டுன்னா, செருப்பக் காணோம்ங்கிறேன். ஊருக்குள்ள எங்க வீட்டுக்குச் செருப்பு திருடுபோற வீடுன்னே பேரு.

ஆமா, வந்தாக சார், உங்க கவுன்சிலிங் மேடம் வந்தாக. நல்ல பொண்ணு. ஊரு மந்தைத் திடல்ல அம்புட்டுப் பிள்ளைகளையும் உக்கார வச்சு கலர் பென்சில் குடுத்து, வீடு வரையச் சொன்னாக. சாயங்காலம் பஸ்ஸுக்கு நேரமாச்சுன்னு போயிட்டாக. அடுத்த வாரம் வாரேன்னாக. எந்த வருசத்து அடுத்த வாரம்னு கேக்க மறந்துட்டேன்.

என்னது?... கேக்கல, சத்தமாச் சொல்லுங்க... என் பேச்சும் உங்களுக்குக் கேக்கலையா? சரி, முற்றத்துக்கு வந்துட்டேன், சத்தமாவே பேசுறேன். ம்... பள்ளிக்கூடத்துல இருந்து புகார் வந்திருக்கா... மணி அடிச்சா பெஞ்சுக்கு அடியில போயிர்றாளா. ஆமா, போவா. கதவுப் பக்கமா உக்கார வைங்க, மணி அடிக்கப் போறாகன்னு முன்கூட்டியே அவகிட்ட ஒரு வார்த்தை சொல்லிருங்கன்னு டீச்சர் கால்ல விழாத குறையாக் கேட்டேன். ஒரு பிள்ளைக்காக ரூல்ஸ மாத்த முடியாதுன்னுட்டாக.

அதனால?... ஹாஸ்டல்லயா?

மதுரையில உங்க இல்லத்துல எடம் இருக்கா. ஹாஸ்டல்ல கொண்டு போயி விட்டுறணுமா... நான் முடியலன்னு சொன்னேனா. யாருகிட்ட?... மேடம்கிட்டயா. ஆமா, சொன்னேன். முடியலன்னுதான் சொன்னேன். உங்க வீட்டம்மா உங்கள வச்சுக்கிட்டு ஒருநாளும் முடியலன்னு சொன்னதில்லையா சார்? சொன்னா உடனே உங்களக் கொண்டு போயி இல்லத்துல சேத்துருவாகளா? முடியலன்னா, கூட ஒரு கை பிடிங்கன்னு அர்த்தம். பிள்ளையப் பிடுங்கிக்கங்கன்னு அர்த்தமில்ல.

ம்... ம்... விழாவுக்கு வரலைன்னா உங்க டிரஸ்ட் கமிட்டியில தப்பா நெனைப்பாகளா. நான் சரியாப் பாத்துக்கிடலைன்னு எழுதிருவாகளா... மிரட்டலெல்லாம் இல்ல, ஆலோசனையா. ரொம்ப நல்லது சார். இப்படி ஒரு ஆலோசனை கேட்டதுல எனக்குச் சந்தோசந்தான்.

சரி, நானும் ஒரு ஆலோசனை சொல்றேன். சால்வை வேண்டாம். அந்த மேடத்த, அதே மேடத்த, வாராவாரம் அனுப்புங்க. பள்ளிக்கூடத்துல நீங்க ஒரு வார்த்தை பேசுங்க, நீங்க பேசுனா ரூல்ஸு மாறும். அப்புறம், தீபாவளிக்கு எங்கள மாதிரிப் பிள்ளை வச்சிருக்கிற குடும்பத்தையெல்லாம் ஒரு வேன் வச்சு வெடிச்சத்தம் இல்லாத ஊருக்குக் கூட்டிட்டுப் போயிருங்க... ஏன் இல்ல, சிவகங்கைப் பக்கம் இருக்காமே. பறவைக கலைஞ்சு போயிருமுன்னு ஊரே வெடி போடாம இருக்காகளாம். கொக்குக்கும் நாரைக்கும் அம்புட்டு யோசிக்கிறாக சார்... பட்ஜெட்ல வராதா. வாலா மட்டும் வந்திருச்சு.

சார், ஒரு நிமிசம்... இருங்க... இல்ல, வைக்கல.

செருப்பு கிடைச்சிருச்சு சார்... வாசல்ல. ரெண்டையும் தண்ணி விட்டுக் கழுவி, ஜோடியா வெளிய பாத்து வச்சிருக்கா. பக்கத்துல அவளும் நிக்கிறா. தானாக் குளிச்சு, யூனிபார்ம் போட்டு, கோணல்மாணலா ரிப்பன் கட்டிக்கிட்டு. நான் கத்திப் பேசுனது அம்புட்டையும் கேட்டிருக்கா.

என்ன பாப்பா?... பக்கத்துல வந்து சொல்லு...

என்ன சொல்றா தெரியுமா சார். ‘இனிமே ஒளிச்சு வைக்க மாட்டேன் சித்தி, ஹாஸ்டல்ல விட்டுறாதீக’ங்கிறா.

என்ன?... நல்ல முன்னேற்றமா.

ஆமா சார். நல்ல முன்னேற்றம். நான் செருப்புப் போட்டா செத்துருவேன்னு பயந்துக்கிட்டுக் கிடந்த பிள்ள, அதை விடப் பெரிய பயத்துல எஞ்செருப்பக் கழுவி எடுத்து வச்சிருக்கா. மேடம் படம் வரையச் சொல்லி ஆகாதது உங்க ஒரு போன்ல ஆகியிருக்கு. இதையும் கமிட்டியில எழுதிக்கங்க. விழாவுக்கு நாங்க வரல, அதையும் எழுதிக்கங்க. இந்தப் பிள்ள இங்கனதான் இருப்பா. அவளக் கூட்டிட்டுப் போக வர்றதுன்னா எங்க வீட்டுக்காரரு இருக்கும்போது வாங்க.

ஏ பாப்பா, இங்க வா. இந்தா, பிடி. ரெண்டையும் கொண்டு போயி ஒளிச்சு வை... நெசமாத்தான் சொல்றேன். உன்னைய ஒரு இடத்துக்கும் அனுப்பல, யாரும் கூட்டிட்டுப் போகவும் விட மாட்டேன். போ, ஒளிச்சு வை. அரிசி டிரம்மு வேண்டாம், அதைப் பாத்துட்டேன். வேற நல்ல இடமாப் பாரு. சித்தி தேடிக்கிறேன்... வேன்தான் ஆரன் அடிக்கான், பயப்படாத. அவன் போகட்டும்.

சார், இன்னும் லைன்லயா இருக்கீக?... இல்ல சார், இனிமே பேச நேரமில்ல. செருப்பத் தேடணும். வச்சிர்றேன்.